நாற்றமும் நோயும்: காற்றில் உலவும் நுண்ணுயிர்கள் பற்றி
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

வெள்ளிவிழாவில் பேச வேண்டும் என்று செயலாளர் அவர்கள் கேட்டபோது, கல்வியின் பெருமையைப் பற்றிப் பேசுவதற்கே அழைக்கிறார் என்று எண்ணிக் கொண்டேன். "அதைப் பேச ஐந்து பேர் இருக்கிறார்கள்; நீங்கள் உங்கள் பாடத்தைப் பேசுங்கள்" என்றார். என் பாடம் நுண்ணுயிரியல். அதிலும் காற்றில் மிதந்து திரியும் பாக்டீரியாக்களையும் பூஞ்சைகளையும் பற்றிய பகுதியே எனக்கு விருப்பமானது. அந்த விருப்பம் எனக்கு எவ்வாறு உண்டாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் தந்தையார் தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். மாலையில் வீட்டிற்குள் அவர் நுழையும் முன்னரே அவருடைய வாசனை நுழைந்துவிடும். நான் ஆறாம் வகுப்பில் படித்தபோது ஆசிரியர் ஒருவர் என்னைக் கடைசிப் பலகைக்கு மாற்றினார். "உன் சட்டையில் வரும் நாற்றம் மற்றவர்களுக்கு நோயைக் கொடுத்துவிடும்" என்று காரணமும் கூறினார். அவர் கெட்டவர் அல்லர். கணக்கை நன்றாகக் கற்றுக் கொடுத்தவர். நாற்றமே நோய் என்று அவர் உண்மையாகவே நம்பினார். அந்த நம்பிக்கை சரியா, தவறா என்று அறிந்துகொள்ள எனக்குப் பத்தாண்டுகள் ஆயின. நான் அறிந்துகொண்டதைத்தான் இன்று உங்கள் முன் வைக்கப் போகிறேன்.

அந்த நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இருந்ததன்று. 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் ஐரோப்பாவின் பெரும் மருத்துவர்களும் கெட்ட வாடையே காலராவையும் காய்ச்சலையும் உண்டாக்குகிறது என்று கருதினர். 1858-ஆம் ஆண்டுக் கோடையில் லண்டன் தேம்ஸ் ஆறு சாக்கடையாகி நாறியது. பாராளுமன்றத்துச் சன்னல்களில் சுண்ணாம்புக் குளோரைடுக் கரைசலில் நனைத்த திரைகளைத் தொங்கவிட்டார்கள். பெருங்கொள்ளை நோய் வரப்போகிறது என்று நகரமே நடுங்கியது. ஆனால் அந்தக் கோடையில் அவர்கள் அஞ்சிய கொள்ளை நோய் வரவில்லை. அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 1854-இல், நாற்றம் ஏதுமில்லாத ஒரு தெருக் குழாயின் தண்ணீரே நூற்றுக்கணக்கானவரைக் காலராவால் கொன்றது என்பதை ஜான் ஸ்நோ என்னும் மருத்துவர் காட்டியிருந்தார். மூக்குச் சொல்லும் சாட்சியம் முழுவதும் நம்பத்தக்கதன்று என்பதற்கு இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் போதும்.

அப்படியானால் காற்றில் உண்மையில் இருப்பது என்ன? 1860-ஆம் ஆண்டில் பாஸ்டர் இதற்கு விடை தேடினார். கொதிக்க வைத்த சத்துநீர் நிரம்பிய குடுவைகளை மூடி எடுத்துக்கொண்டு ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றுக்குச் சென்று, அங்கே அவற்றைத் திறந்து மீண்டும் மூடினார். 20 குடுவைகளில் ஒன்று மட்டுமே கெட்டது. ஊர்ப்புறத்தில் திறந்த குடுவைகளோ பல கெட்டன. காற்று எங்கும் ஒரே காற்றன்று; அது சுமந்து வரும் உயிர்கள் இடத்திற்கு இடம் வேறுபடுகின்றன என்று அதனால் தெளிவாயிற்று.

அந்த உயிர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எண்ணுவதற்கு ஒரு தளம் வேண்டியிருந்தது. ஜெர்மனியில் ராபர்ட் காக் முதலில் வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளைப் பயன்படுத்தினார். பின்னர் ஜெலட்டினைப் பயன்படுத்தினார். அவருடைய கூடத்தில் காற்றின் நுண்ணுயிர்களை ஆராய்ந்து வந்தவர் வால்டர் ஹெஸ்ஸே. வெயில் ஏறினால் ஜெலட்டின் உருகிப் போகும். அவருடைய உழைப்பும் அதனோடு உருகும். அவருடைய மனைவி பான்னி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் இனிப்புக் கூழை இறுக வைக்கப் பயன்படுத்திய அகர் என்னும் கடற்பாசிப் பொருளை 1881-இல் எடுத்துக் கொடுத்தார். அன்று முதல் இன்று வரை உலகத்து ஆய்வுக்கூடங்கள் எல்லாம் அந்தச் சமையலறைப் பொருளின் மேல்தான் நுண்ணுயிர்களை வளர்க்கின்றன. ஆனால் அறிவியல் வரலாற்றில் அந்த அம்மையாரின் பெயர் அடிக்குறிப்பாகக்கூட நெடுங்காலம் இடம்பெறவில்லை. நம் நாட்டில் அகர் கிடைப்பது மன்னார் வளைகுடாவிலே. இராமேசுவரம், மண்டபம் பகுதிகளின் மீனவப் பெண்கள் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப் பாசியையும் பறித்து வருகிறார்கள். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டைக் கையில் எடுக்கும்போது அவர்களையும் நினைத்துக் கொள்ளுங்கள்.

கடலைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வாழும் நமக்குக் கடல் எதற்கு என்று கேட்கலாம். கடல் நமக்கு மிகவும் அருகில் இருக்கிறது; அதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

கரையில் அலை உடையும்போது நீருக்குள் காற்றுக் குமிழிகள் சிக்குகின்றன. அவை மேலெழுந்து வரும் வழியிலேயே நீரில் உள்ள பாக்டீரியாக்களைத் தம் மேல் ஒட்டவைத்துக் கொள்கின்றன. மேற்பரப்பில் குமிழி வெடிக்கும்போது நுண்ணிய துளிகள் மேலே தெறிக்கின்றன. கடல்நீரில் இருப்பதைவிட அந்தத் துளிகளில் பாக்டீரியாவின் செறிவு பல மடங்கு, சில வேளைகளில் நூறு மடங்குக்கும் மேலாக இருக்கக்கூடும். துளியின் நீர் ஆவியாகிவிட, உப்புத் துகளும் உயிரும் காற்றில் எஞ்சி நிற்கும். பிற்பகலில் எழும் கடற்காற்று அதை ஊருக்குள் கொண்டு வருகிறது. கரையை விட்டு நடுக்கடலுக்குச் செல்லச் செல்லக் காற்றிலுள்ள நுண்ணுயிர்கள் குறைந்துகொண்டே போகும். கடற்காற்று தூயது என்று முன்னோர் கூறியது நடுக்கடலுக்குப் பொருந்தும். கரைக்கு அது பொருந்துவது, கரையில் மனிதன் எதைக் கலக்கிறான் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில், மெக்சிகோவிலிருந்து வரும் டிஹுவானா ஆறு சாக்கடை நீரைக் கடலில் கொட்டும் இடத்தின் அருகே, அந்தச் சாக்கடையின் பாக்டீரியாக்கள் அலை வழியாகக் காற்றில் ஏறி ஊருக்குள் வருவதை 2023-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டியது. நீந்தாதவரும் அந்த நீரைச் சுவாசிக்கிறார் என்பது அதன் பொருள். கூவம் கடலில் கலக்கும் இடத்தில் நின்று மூச்சு வாங்கியவர்களுக்கு இது வியப்பாக இராது.

பூஞ்சையின் கதை வேறு. அதன் வித்து மிக நுண்ணியது. மூன்று மைக்ரான் அளவுள்ள ஒரு வித்து ஆள் உயரத்திலிருந்து அசைவற்ற காற்றில் தரையைத் தொட ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு சிறு காற்று வந்தால் ஊரைத் தாண்டிப் போய்விடும். விசாகப்பட்டினக் கரையை ஒட்டிய நெல்வயல்களின் மேல் மிதக்கும் வித்துக்களை ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீராமுலுவும் இராமலிங்கமும் இரண்டாண்டுகள் தொடர்ந்து எண்ணி 1966-இல் வெளியிட்டனர். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் கூடத்தில் பணியாற்றிய சி. வி. சுப்பிரமணியன் இந்தியப் பூஞ்சைகளைப் பற்றி 1971-இல் எழுதிய பெருநூலை இன்றும் உலகம் எடுத்துப் பார்க்கிறது.

ஒரு பூஞ்சை வித்து என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு இலங்கையைக் காட்டலாம். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. தமிழகத்தின் திருச்சி, சேலம், மதுரை, ஆற்காட்டு மாவட்டங்களிலிருந்து நம் மக்கள் கங்காணிகளுக்குப் பின்னே நடந்து சென்றார்கள். காப்பி பறிக்கும் பருவம் முடிந்ததும் பலர் திரும்பினார்கள். வழியிலேயே மாண்டவர்களும் உண்டு. 1869-ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியில் காப்பி இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்தது. துரைமார் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. மார்ஷல் வார்டு என்னும் இளம் தாவர அறிஞர் 1880 முதல் 1882 வரை அங்கே தங்கி, கண்ணாடித் துண்டுகளைத் தோட்டத்துக் காற்றில் தொங்கவிட்டு, அவற்றின்மேல் வந்து ஒட்டிய துருநோய் வித்துக்களைக் கண்டார். மலைக்கு மலை இடைவெளியில்லாமல் ஒரே பயிரை நட்டதனால் காற்றுக்கு வழி அகலமாயிற்று. அவர் கண்டுபிடித்தபோது காலம் கடந்துவிட்டது. காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். ஆகவே பருவத்திற்கு வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயன் அறைகளில் நிலைத்துவிட்டார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் குடியுரிமையை 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவிற்கு அனுப்ப வழி செய்தது. சட்டங்களைப் பூஞ்சை எழுதவில்லை, மனிதர்தாம் எழுதினர். எனினும் நம் மக்களுள் பல இலட்சம் பேர் மலையில் தங்கிய வரலாற்றில் அந்த ஆரஞ்சுப் பொடிக்கும் ஒரு பங்கு உண்டு. பள்ளிப் புத்தகத்தில் இது வரலாற்றுப் பாடத்திலும் இல்லை. தாவரவியல் பாடத்திலும் இல்லை.

இனி நம் ஊருக்கு வருவோம். கடல் நமக்கு அருகில் இருக்கிறது என்றேன் அல்லவா? அது உப்பு மூட்டையில் வருகிறது. பச்சைத் தோல் அழுகாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய பாதியளவு உப்பைத் தடவுகிறார்கள். கடலோர உப்பளத்தில் காய்ந்த அந்த உப்பு வெறும் உப்பன்று. உப்பளப் பாத்திகள் சில பருவங்களில் சிவந்திருப்பதைக் கடலோரத்திற்குச் சென்றவர்கள் பார்த்திருப்பீர்கள். உப்பிலே வாழும் சிவந்த நுண்ணுயிர்களும் அந்த நிறத்திற்குக் காரணம். அவை உப்புப் படிகத்திற்குள் அடைபட்டு உயிரோடு பயணம் செய்து, தோலில் ஈரத்தையும் வெப்பத்தையும் கண்டதும் பெருகிச் செந்நிறத் திட்டுகளை உண்டாக்குகின்றன. எந்த உப்பு எல்லாவற்றையும் கொல்லும் என்று நம்புகிறோமோ, அந்த உப்பே இவற்றிற்கு வீடு! இவற்றைப் பாக்டீரியா என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 1977-இல் கார்ல் வோஸ் என்பவர் ஆர்க்கியா என்னும் தனிப்பெரும் பிரிவை வகுத்த பின்னர் இவை அதில் சேர்ந்தன. உயிரியலில் பட்டம் பெற்றவர்கள்கூட நூலில் மட்டுமே காணும் இந்த உயிரை நம் பெரியவர்கள் நாள்தோறும் கையால் தொட்டிருக்கிறார்கள்.

அந்த உப்பு நம் ஊரிலேயே நின்றுவிடுவதும் இல்லை. ஊறவைக்கும் தொட்டியிலிருந்து வழிந்து பாலாற்றிலும் கிணற்றிலும் இறங்கியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று, மாசு செய்தவரே அதற்குரிய விலையைத் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். நாம் அதன் தண்ணீரைக் குடித்துப் படித்தோம். பாலாறு வயலூரில் கடலைச் சேர்கிறது.

தோலை ஊறவைக்கும் முன் உப்பை உதறுவார்கள். அந்த வேலையில் இருப்பவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். உதறும்போது எழும் தூளில் உப்பும், சாணமும், மயிரும், அவற்றோடு வித்துக்களும் இருக்கின்றன. மூக்கையும் வாயையும் நன்றாகக் கட்டிக் கொள்ளுங்கள். முகக்கவசம் தரச் சொல்லிக் கேளுங்கள். கொரோனாக் காலத்தில் மேலாளர் முதல் காவலாளி வரை எல்லாரும் அணிந்ததை உப்புத் தூளில் நிற்பவர் அணியக் கூடாதா?

மழைக்காலத்தில் அடுக்கி வைத்த தோலில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம் பூப்பதை அறிவீர்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய துவர்நீர் பல உயிர்களைத் தடுக்கும். ஆயினும் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் என்னும் கரும்பூஞ்சை அந்தத் துவர்ப்பையே உணவாக உடைக்கும் நொதி ஒன்றை உடையது. தோலைக் காக்க, பென்டாகுளோரோபினால் என்னும் மருந்தைப் பூசினார்கள். அது பூஞ்சையோடு மனிதனுக்கும் நஞ்சு. 1989-இல் ஜெர்மனி அதைத் தடை செய்தபோதுதான், நம் தோல் ஏற்றுமதியாளர்கள் அந்த நஞ்சைப் பற்றிக் கவலைப்பட்டார்கள். சரக்கு திரும்பிவிடுமே என்ற கவலை அது. வெறுங்கையால் அதைப் பூசியவர்களின் தோலைப் பற்றி அதற்கு முன் யாரும் கேட்டதாக என் தந்தையார் சொல்லி நான் கேள்விப்படவில்லை.

அடுத்து, இன்று நான் சொல்பவற்றுள் நீங்கள் கட்டாயம் நினைவில் கொள்ள வேண்டிய ஒன்று. மாடு, ஆடுகளுக்கு வரும் அடைப்பான் நோயை நம் பெரியவர்கள் அறிவார்கள். அதை உண்டாக்கும் பாக்டீரியாவின் முழு வாழ்க்கையையும் 1876-இல் காக் விளக்கினார். அதன் வித்து மண்ணில் பல்லாண்டுகள் சாகாமல் கிடக்கும். அதற்கு நாற்றமில்லை, நிறமில்லை. இங்கிலாந்தின் பிராட்போர்டு நகரில் வெளிநாட்டு மயிரைப் பிரித்த தொழிலாளர்கள், மூச்சில் அந்த வித்தை இழுத்துச் சில நாட்களில் இறந்தார்கள். அங்கே சட்டம் வந்தது. 1921-இல் லிவர்பூல் துறைமுகத்தில் மயிரைத் தொற்றுநீக்கம் செய்யும் நிலையம் வந்தது. நம் நாட்டில் இந்நோய் பெரும்பாலும் செத்த மாட்டை உரிப்பவரையும் அறுப்பவரையும் பிடிக்கிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் இத்தகைய நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து எழுதியிருக்கிறார்கள். திடீரென்று விழுந்து செத்த மாட்டின் மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருங்குருதி கசிந்தால், யார் சொன்னாலும் அதைத் தொடாதீர்கள், உரிக்காதீர்கள், அறுக்காதீர்கள். அறுத்தால் குருதியில் உள்ள கிருமி காற்றுப் பட்டு வித்தாக மாறும். கால்நடை மருத்துவருக்குச் சொல்லி, ஆழமாகப் புதைக்கச் செய்யுங்கள். கையில் வலியில்லாத கொப்புளம் தோன்றி நடுவில் கருத்தால், வலிக்கவில்லையே என்று இருந்துவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். செத்த மாட்டைத் தொட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வேளையோடு சென்றால் மருந்தால் குணமாகும்.

1927-ஆம் ஆண்டில் மகத் நகரில் அண்ணல் அம்பேத்கர், செத்த மாட்டை இழுக்கும் வேலையை விட்டுவிடும்படி நம் மக்களை வேண்டினார். அவர் மானத்தின் பொருட்டுச் சொன்னார். நுண்ணுயிரியல் படித்தவன் என்ற முறையில் உயிரின் பொருட்டும் அதையே நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

காசநோயைப் பற்றி ஒரு செய்தி. அது காற்றின் வழியாகவே பரவுகிறது. அதற்கும் நாற்றமில்லை, வெள்ளைச் சட்டைக்காரர் இருமினாலும் வரும். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நகரத்து ஏழை நோயாளிகளிடையே ஓர் ஆய்வை நடத்தி 1959-இல் வெளியிட்டது. நெருக்கமான குடிசையில் இருந்தபடி மருந்து உண்டவர்களும், சானடோரியத்தில் கட்டிலும் பாலும் முட்டையும் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்தனர். குடிசையில் உடன் வாழ்ந்தவர்களுக்கும் அதனால் நோய் மிகுதியாகப் பரவவில்லை. ஏழையின் வீடே நோயின் கூடு என்று பேசியவர்களுக்கு ஏழைகளே அளித்த விடை அது. மருந்தைத் தவறாமல் உண்பதுதான் அதன் இரகசியம்.

நாற்றம் ஒன்றுமே செய்யாது என்று நான் கூறுவதாக யாரும் எண்ண வேண்டாம். டேனரிக் கழிவுத் தொட்டியிலும் மலக்குழியிலும் காற்றுப்படாமல் வாழும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்குகின்றன. சிறிதளவில் அது அழுகிய முட்டை போல நாறும். அளவு மிகுந்தால் மூக்கின் உணர்வே செத்துவிடும், நாற்றம் நின்றுபோகும். "வாடை இல்லை, இறங்கலாம்" என்று மேலிருந்து ஒருவர் சொல்வார். இறங்கியவர் அங்கேயே மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். நம் வீடுகளில் எத்தனை பேர் இவ்வாறு போயினர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடுக்கும் சட்டம் 2013-இல் வந்தது. கழிவுநீர்க் குழி மரணங்களுக்குப் பத்து இலட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்சநீதிமன்றம் 2014-இல் கூறியது; 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. இறங்கச் சொன்னால் "எந்தச் சட்டத்தின்படி?" என்று கேளுங்கள். சங்கத்தில் அந்தச் சட்டத்தின் தமிழ்ப் படி இருக்க வேண்டும் என்று செயலாளர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக் கொள்கிறேன்.

சேரிகள் பல ஊர்களில் காற்றிறங்கும் பக்கத்தில் அமைந்திருப்பதைப் பெரியவர்கள் சுட்டிக் காட்டுவார்கள். நம் மேல் பட்ட காற்று அவர்கள் மேல் படக்கூடாதாம். ஆனால் கடற்காற்று பிற்பகலில் ஒரு திசையிலும், நிலக்காற்று இரவில் மறு திசையிலும் வீசுகிறது. பருவக்காற்று ஆண்டுக்கு இருமுறை திரும்புகிறது. வித்துக்கள் எல்லாத் தெருவுக்கும் போய்வருகின்றன. ஊரைத் திட்டமிட்டவர்களுக்கு வானிலை தெரியவில்லை!

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டு அமர்கிறேன். நான்கு உருளைக்கிழங்குகளை வேகவைத்து, கொதிநீரில் கழுவிய கத்தியால் நறுக்குங்கள். ஒரு துண்டை உப்பு உதறும் இடத்திலும், ஒன்றை வகுப்பறையிலும், ஒன்றைக் கோயிலோ தேவாலயமோ எதுவாயினும் அதன் வாசலிலும் அரைமணி நேரம் திறந்து வையுங்கள். ஒன்றைத் திறக்கவே வேண்டாம். பின்னர் ஒவ்வொன்றையும் தனித்தனிச் சீசாவில் மூடி, இடத்தின் பெயரை எழுதி, ஐந்து நாட்கள் நிழலில் வைத்திருங்கள். சீசாவைத் திறக்காமல், வெளியிலிருந்தே புள்ளிகளின் நிறத்தையும் எண்ணிக்கையையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாலை சங்கத்தின் நூலக அறைக்குக் கொண்டு வாருங்கள். நான் நுண்ணோக்கியோடு வருகிறேன். எந்த இடத்துக் காற்றில் எத்தனை என்பதை அப்போது சேர்ந்து எண்ணுவோம்.